லேடீஸ் இருக்காங்க, பார்த்துப் பேசு

வணக்கம். மேடை ஏறுவதற்கு முன்னால் அமைப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தலைப்பு கெட்ட வார்த்தை பற்றித்தான், ஆனா மேடையில எதையும் சொல்லிட மாட்டீங்களே?" என்று கேட்டார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பரிடமும் இதைக் கேட்டீர்களா என்றேன். "அவர்கிட்ட எதுக்குங்க கேக்கணும், அவருக்குத் தெரியாதா" என்றார். எனக்கு மட்டும் தெரியாது போலிருக்கிறது. சரி, பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

கால்பந்தை கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே புழங்குகிற மொழியே வேறு. வீட்டில் சின்னப் பிள்ளையைக்கூட வாங்க போங்க என்று அழைக்கிற மனிதர், விசில் ஊதிய இரண்டாவது நிமிடத்தில் ரெஃப்ரியின் மூன்று தலைமுறையை இழுத்துவிடுவார். ஒருமுறை எனக்கு முன்வரிசையில் அப்படி ஓர் அண்ணன், ஐம்பது வயதிருக்கும். முதல் பாதி முழுக்க அவருக்கு ஒரே வார்த்தைதான், ராகம் மட்டும் மாறும்: பந்தைக் கோட்டை விட்டவனுக்கு நீட்டி இழுத்து, ஃபவுல் செய்தவனுக்கு வெட்டி, துணை நடுவருக்கு எழுத்து எழுத்தாக நிறுத்தி நிதானமாக. நடுவில் எதற்கோ திரும்பினார், என்னைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "மன்னிச்சுக்கம்மா, லேடீஸ் இருக்கறதைக் கவனிக்கல" என்றார். பக்கத்தில் என் தம்பி இருந்தான். அவனும் அதே நாற்பது நிமிடம் அதே வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான், அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணன் நல்ல மனிதர், அதில் சந்தேகமே கிடையாது, தூறல் போட்டபோது தன் குடையை எங்கள் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

இரண்டாம் பாதியில் எங்கள் தடுப்பாட்டக்காரர் ஒருவர், பக்கத்தில் ஆளே இல்லாத நேரத்தில், பந்தைக் கோல்கீப்பரிடம் பின்னால் தட்டினார். பந்து பாதி தூரத்தில் நின்றுவிட்டது. எதிரணிக்காரன் ஓடிவந்து எடுத்து உள்ளே போட்டான். என் வாயிலிருந்து அண்ணனுடைய அதே வார்த்தை வந்தது. யோசித்துச் சொன்னதில்லை, கதவில் விரல் நசுங்கினால் வருமே அப்படி வந்தது. நான்கு வரிசை திரும்பியது. கோலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அண்ணன் முகத்தில் கோபம்கூட இல்லை, ஒரு துக்கம் இருந்தது. "ஏம்மா, பொம்பளைப் புள்ள பேசுற பேச்சா இது?"

விரல் நசுங்குவதைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் மாணவர்களைப் பனிக்கட்டித் தண்ணீரில் கையை வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சாதாரணச் சொல் சொன்னபோது தாங்கியதைவிட, கெட்ட வார்த்தை சொன்னபோது கூடுதல் நேரம் தாங்கினார்கள், ஆண்களும் சரி பெண்களும் சரி. 2009-ல் வெளியான ஆய்வு, அடுத்த வருடமே இக் நோபல் (முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான கேலிப் பரிசு) வாங்கியது, அதுவும் அமைதிக்கான பிரிவில். லேடீஸ் இருக்காங்களா என்று அந்தத் தண்ணீர் பார்க்கவில்லை.

அண்ணன் கேட்டதற்கு வருவோம். "தப்பான வார்த்தை சொல்லிட்டியேம்மா" என்று அவர் சொல்லவில்லை, அவர் கேட்டது நான் எப்படிப்பட்ட பெண் என்பதை. பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு என்று பழமொழி வைத்திருக்கிற ஆட்கள் நாம். சிரிப்புக்கே அந்தக் கதி என்றால் வசவுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆண்களும் மாட்டிக்கொள்கிறார்களே என்பீர்கள். மாட்டுகிறார்கள்தான். 2011 ஏப்ரலில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்த மான்செஸ்டர் யுனைடெட் வீரர் வெய்ன் ரூனி, டிவி கேமராவுக்குள் முகத்தை நீட்டித் திட்டினார், இரண்டு ஆட்டத் தடை வந்தது, மான்செஸ்டர் சிட்டியுடனான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி அதில் போயிற்று. அவரைக் கண்டித்தவர்கள் என்ன சொன்னார்கள்? பிள்ளைகள் பார்க்கிற நேரம், இவனைப் பார்த்து வளர்கிறார்கள், இப்படியா நடந்துகொள்வது. எல்லாமே நடத்தை பற்றிய பேச்சு, தண்டனை முடிந்தால் அதுவும் முடிந்தது. இது ஓர் ஆம்பளை பேசுகிற பேச்சா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள், ஏனென்றால் அது ஆம்பளை பேசுகிற பேச்சுதான் என்று எல்லோரும் ஏற்கெனவே முடிவுகட்டி வைத்திருக்கிறோம். விதிப் புத்தகத்தில் இந்தப் பாகுபாடே கிடையாது. கால்பந்தின் 12-வது விதி, இழிவான, புண்படுத்துகிற பேச்சுக்குச் சிவப்பு அட்டை என்கிறது, பேசிய வாய் ஆணுடையதா பெண்ணுடையதா என்று கேட்பதில்லை. கேட்பது கேலரிதான்.

இப்போது ஓர் ஒப்புதல். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை யாரைப் பற்றியது? பந்தைச் சொதப்பிய மனிதரைப் பற்றியதா? இல்லை, அவருடைய அம்மாவைப் பற்றியது. அந்த அம்மா பந்தைத் தொடவே இல்லை, மைதானத்துக்கும் வரவில்லை, எங்கேயோ வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து மகன் சொதப்பியதற்கு நம்மைவிட அதிகமாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருப்பார். அவரைத்தான் நான் திட்டினேன், ஒரு பெண்ணாக இருந்துகொண்டு. என் வாயிலும் அந்த அம்மாதான் வந்தார் என்பது அன்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் உறைத்தது. நீங்கள் ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள், எனக்குச் சொல்லவேண்டாம், மனதுக்குள். அம்மா, அக்கா, தங்கை, பெண்டாட்டி. இவர்கள் யாரும் வராத வசவு எத்தனை மிஞ்சுகிறது? மிஞ்சினால் அதில் பாதி "பொம்பளை மாதிரி ஓடுறான்" வகை.

2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கூடுதல் நேரத்தில் பிரான்ஸ் கேப்டன் ஜினெதின் ஜிதான், இத்தாலியின் மார்க்கோ மாத்தராஸியின் நெஞ்சில் தலையால் முட்டினார், சிவப்பு அட்டை, அவருடைய கடைசி ஆட்டம் அப்படி முடிந்தது. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்த மாத்தராஸியிடம், வேண்டுமானால் ஆட்டம் முடிந்ததும் சட்டையைத் தருகிறேன் என்றாராம் ஜிதான், சட்டை வேண்டாம், உன் சகோதரி வேண்டும் என்கிற மாதிரி பதில் வந்தது, மாத்தராஸியே பிறகு ஒப்புக்கொண்டார். ஜிதானுக்கு மூன்று ஆட்டம், மாத்தராஸிக்கு இரண்டு ஆட்டம் தடை. அதற்குப் பிறகு இத்தனை வருடமாக உலகம் பேசுவதெல்லாம் இந்த இரண்டு ஆண்களைப் பற்றி: முட்டியது சரியா, சீண்டியது தப்பா, மானம் பெரிதா, கோப்பை பெரிதா. அந்தச் சகோதரி என்ன நினைத்தார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

இதைவிட வேடிக்கையான வழக்கு ஒன்று உண்டு. 2015 ஆகஸ்ட், இங்கிலாந்து லீக்கில் செல்சி - ஸ்வான்ஸி ஆட்டம், கடைசி நிமிடங்கள். செல்சியின் கோல்கீப்பர் ஏற்கெனவே சிவப்பு அட்டை வாங்கி வெளியே போயாயிற்று, பத்துப் பேர்தான் மிச்சம். செல்சி வீரர் ஈடன் ஹசார்ட் கீழே விழுந்தார். ரெஃப்ரி கைகாட்டிக் கூப்பிட, அணி மருத்துவர் ஈவா கார்னெய்ரோ உள்ளே ஓடினார், வேறு என்ன செய்வார், மருத்துவர். ஆனால் சிகிச்சை வாங்கிய வீரர் கொஞ்ச நேரம் கோட்டுக்கு வெளியே நிற்கவேண்டும் என்பது விதி, ஆகவே செல்சி ஒன்பது பேராயிற்று. பயிற்சியாளர் ஜோசே மொரீன்யோ கொதித்துப்போய்ப் போர்த்துக்கீசிய மொழியில் எதையோ கத்தினார். விவகாரம் விசாரணைக்குப் போனது. விசாரணையில் எதைத் தேடினார்கள் தெரியுமா? அவர் "இன்னவளின் மகளே" என்றாரா, "இன்னவளின் மகனே" என்றாரா என்பதை. போர்த்துக்கீசிய மொழியில் அதற்கு ஓர் எழுத்துதான் வித்தியாசம், 'ஃபில்யா' என்றால் மகள், 'ஃபில்யு' என்றால் மகன். 'இன்னவள்' என்ற இடத்தில் என்ன சொல் என்பதை, வாக்குக் கொடுத்திருப்பதால், உங்களுக்கே விட்டுவிடுகிறேன். மகள் என்றுதான் சொன்னார், என்னைத்தான் சொன்னார் என்பது மருத்துவரின் தரப்பு. மகன் என்றேன், அவரைப் பார்த்துச் சொல்லவில்லை என்பது மொரீன்யோ தரப்பு. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் போர்த்துக்கீசிய மொழி வல்லுநரிடமே கருத்துக் கேட்டு, இதில் பாகுபாடு காட்டும் பேச்சு எதுவும் இல்லை என்று முடித்தது. கார்னெய்ரோ வேலையை விட்டார், 2016 ஜூனில் சமரசம் ஆனபோது கிளப் அவரிடம் நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டது, அது வேறு கதை. என் மண்டையைக் குடைவது அந்த ஓரெழுத்துதான். மகள் என்றால் பாகுபாடு, மகன் என்றால் பாதகமில்லை. சரி, இரண்டு வடிவத்திலும் முதலில் நிற்கிறாளே ஒருத்தி, அந்த இன்னவள், அவள் எந்தக் கணக்கில் வருவாள்? வல்லுநரிடம் அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆக, வசவுக்குள் பெண் இருப்பதில் யாருக்கும் சங்கடம் இல்லை. வசவைக் கேட்கும் இடத்தில் பெண் இருந்தால்தான் சங்கடம். ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆண்கள் கால்பந்து மைதானத்தின் கதவு பெண்களுக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்தது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, ஆண்கள் அங்கே அசிங்கமாகக் கத்துகிறார்கள், அது பெண்கள் காதில் விழக்கூடாது என்பது. கத்துகிறவன் உள்ளே, காதுள்ளவள் வெளியே. ஆண் வேடத்தில் நுழைய முயன்று பிடிபட்ட சஹர் கொடயாரி என்ற ரசிகை, சிறைத் தண்டனை வரலாம் என்று தெரிந்து தீக்குளித்து, 2019 செப்டம்பரில் இறந்துபோனார். அடுத்த மாதம் கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்தில் பெண்களுக்குச் சுமார் 3,500 டிக்கெட் கொடுத்தார்கள், ஈரான் 14-0 என்று ஜெயித்தது.

துருக்கியில் இதற்கு நேர் எதிரான யோசனை. 2011-ல் ஃபெனர்பாச்சே கிளப்பின் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கலாட்டா செய்ததால் ஆளில்லாத கேலரியில் ஆடவேண்டும் என்று தண்டனை. காலி கேலரி நன்றாக இல்லை என்று யோசித்து, ஆண்களை மட்டும் தடுத்துவிட்டு, பெண்களையும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் இலவசமாக உள்ளே விட்டார்கள். செப்டம்பர் 20, மனிசாஸ்போருடன் ஆட்டம், 41,000 பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள், 1-1. வீரர்கள் கேலரிக்குப் பூ எறிந்தார்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும், அத்தனை பெண்கள், அத்தனை மஞ்சளும் நீலமும். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கும் கணக்கைக் கவனியுங்கள். பெண்கள் கூட்டம் என்றால் அது கூட்டமாகவே கணக்கில் வராது, அதனால் தண்டனையும் நிறைவேறியது, கேலரியும் நிறைந்தது. ஓர் ஊரில் நம் காதைப் பொத்தி வீட்டில் உட்காரவைக்கிறார்கள், இன்னோர் ஊரில் சோப்புக் கட்டியாக்கி கேலரியைக் கழுவச் சொல்கிறார்கள். தொண்டை என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கால்பந்து ஆண்கள் இடம், அங்கே வந்தால் அப்படித்தான் இருக்கும் என்பவர்களுக்கு ஒரு தேதி: 1920 டிசம்பர் 26, லிவர்பூலின் குடிசன் பார்க், டிக் கெர் லேடீஸ் அணி ஆடிய பெண்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர். அடுத்த டிசம்பரிலேயே, இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, இங்கிலாந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆட்டத்தைத் தடை செய்தது, விலக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. பூட்டிவைத்துவிட்டு, அவர்கள் வருவதில்லை என்றால் எப்படி?

காலம் மாறிவிட்டதே என்று மேரி ஏர்ப்ஸைக் காட்டுவார்கள். 2023 ஆகஸ்ட் 20, சிட்னி, பெண்கள் உலகக் கோப்பை இறுதி. ஸ்பெயினின் ஜெனி எர்மோசோ அடித்த பெனால்ட்டியைப் பிடித்துவிட்டு, இங்கிலாந்து கோல்கீப்பர் ஏர்ப்ஸ் கத்தியதை உதடு படிக்கத் தெரியாதவர்களும் படித்துவிட்டார்கள். பெரும்பாலும் கொண்டாடினார்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அந்தக் கொண்டாட்டத்தில், குழந்தை முதல்முறை கெட்ட வார்த்தை சொன்னால் வீடே கைகொட்டிச் சிரிக்குமே, அதன் சாயல் கொஞ்சம் இருந்தது. பெனால்ட்டி பிடித்துவிட்டுத் திட்டாத ஆண் கோல்கீப்பர் யாராவது உண்டா, அதையெல்லாம் மீம் போட்டோமா? அதே இரவில்தான் ஸ்பெயின் சங்கத் தலைவர் லூயிஸ் ருபியாலெஸ், பதக்க மேடையில் அதே எர்மோசோவின் தலையைப் பிடித்து, சம்மதம் இல்லாமல் உதட்டில் முத்தமிட்டார். முதலில் அதையும் உற்சாகத்தில் நடந்தது என்றுதான் சொல்லிப் பார்த்தார்கள். உற்சாகம் என்ற சொல் ஆண்களுக்கு எவ்வளவு தூரம் நீள்கிறது பாருங்கள். பிறகு பதவி போயிற்று, நீதிமன்றம் வரை வந்து குற்றவாளி என்று தீர்ப்பும் ஆயிற்று.

பெண்களும் ஆண்களுக்குச் சமமாகத் திட்டவேண்டும் என்று நான் பிரசாரம் செய்கிறேனா என்று நடுவரிசையில் ஒருவர் நெற்றியைச் சுருக்குகிறார். இல்லை சார். எனக்கு என் வார்த்தையே பிடிக்கவில்லை என்று இப்போதுதானே சொன்னேன்.

அண்ணனைப் பிறகு ஒருமுறை பார்த்தேன். அதே கேலரி, இந்தத் தடவை பக்கத்து இருக்கை. என்னைப் பார்த்ததும் ஒதுங்கி உட்கார்ந்தார், அப்புறம் பத்து நிமிடத்தில் ஆட்டம் எங்கள் இருவரையும் சேர்த்துவிட்டது. எழுபதாவது நிமிடத்தில் எங்கள் ஆள் திறந்த கோலுக்கு முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அடித்தான். அண்ணன் எழுந்தார், வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"சொல்லுங்கண்ணே, பரவாயில்ல" என்றேன். "அவன் அம்மாவை மட்டும் விட்டுடுங்க."

மறுபடி வாயைத் திறந்தார். யோசித்தார். ஒரு கை மேலே தூக்கியபடியே நிற்கிறது, வார்த்தை வரவில்லை. தங்கை வேண்டாம் என்று அவரே தள்ளிவிட்டார் போல, முகத்தில் தெரிந்தது. உதவலாம் என்று நானும் தேடினேன், என்னிடமும் ஒன்றும் இல்லை. கடைசியில் "எருமை" என்றார், சுரத்தே இல்லாமல். இரண்டு பேரும் சிரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பந்து எங்கள் கோல் பக்கம் போயிருந்தது.