உறையின் எண்ணா, நம் கண்ணா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தஞ்சைத் தரணியின் பெரியோர்களே, வணக்கம்.

பழைய ரூபாய் நோட்டின் தரத்துக்கு எதை நம்புவது, சான்று உறையில், அதாவது தர நிர்ணய நிறுவனம் நோட்டைச் சோதித்து மூடித் தரும் பிளாஸ்டிக் உறையில், அச்சடித்த எண்ணையா, சேகரிப்பவரின் கண்ணையா என்பது தலைப்பு. கண்ணுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் 70 புள்ளி அளவுகோலைச் சொன்னார். 70 என்றால் குறையே கிடையாது, 50 முதல் 58 வரை ‘ஏயூ’, அதாவது ஏறக்குறையப் புழங்காதது, 20 முதல் 35 வரை ‘விஎஃப்’, அதாவது புழங்கியும் நன்றாக இருப்பது. சரிதான் ஐயா. ஆனால் 25 வாங்கிய இரண்டு நோட்டை அருகருகே வையுங்கள். ஒன்றில் நாலைந்து மடிப்பு, தாள் மட்டும் இன்னும் விறைப்பு. மற்றதில் மடிப்பு குறைவு, தாள் துவண்டு, ஓரமெல்லாம் அழுக்கு. எண் இரண்டுக்கும் ஒன்றே! எது உங்கள் ஆல்பத்துக்கு என்று அந்த எண் சொல்லுமா?

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று கருவி காட்டுகிறது. அதற்காக நம் விவசாயி நாலு நெல்லைப் பல்லில் வைத்து ‘டக்’கென்று முறிகிறதா என்று பார்க்காமலா மூட்டை பிடிக்கிறார்?

மடிப்பை எப்படிப் பார்ப்பது? டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பாதி மடிப்பு தெரியாது. நோட்டைக் கறுப்புத் துணியில் வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து ஒளி அடியுங்கள். பிறகு நோட்டைக் கால் வட்டம் திருப்பி மறுபடி அடியுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறைந்த கோடு அடுத்த பக்கத்திலிருந்து நிழல் விடும். வெறும் வளைவு என்றால் மை அறுந்திருக்காது. மடிப்பு அழுத்தமாக விழுந்திருந்தால் நார் ஒடிந்து, மை உதிர்ந்து, வெள்ளைக் கோடு ஓடும். நடுவில் லேசாக ஒரே மடிப்பு என்றால் ‘ஏயூ’. லேசானவை மூன்று, அல்லது அழுத்தமானது ஒன்று, இதுவரை ‘ஈஎஃப்’, ஏயூவுக்கு அடுத்த கீழ்ப் படி. நெடுக்கும் குறுக்குமாக மடிப்பு இருந்தும் விறைப்பு மிச்சமிருந்தால் ‘விஎஃப்’. காசாளர் எண்ணும்போது மூலையில் விழும் வளைவு வேறு சங்கதி. அதை மடிப்புக் கணக்கில் சேர்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

அடுத்தது நம் நாட்டு நோட்டுகளில் அடிக்கடி வரும் சிக்கல், ஸ்டேப்ளர் பின் துளை. 2001இல் ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொல்லும்வரை, 100 நோட்டுக் கட்டுக்கு வங்கிகளில் ஸ்டேப்ளர் பின் அடித்தார்கள். ஒரு கை மாறாத நோட்டிலும் அதனால் துளை இருக்கும். சான்று நிறுவனங்களே சில உறைகளில் ‘வெளியீட்டிலேயே பின் துளை’ என்று குறிப்பு எழுதுகின்றன. அப்படியானால் எது கட்டுத் துளை, எது பிறகு யாரோ குத்தின குண்டூசி? ஒரே கட்டின் அடுத்தடுத்த எண்ணுள்ள நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். துளைகள் ஒரே இடத்தில் நேராக நின்றால் கட்டுத் துளை. தனி நோட்டின் நடுவே ஒற்றைத் துளை என்றால் அது வேறு கதை. துளையைச் சுற்றித் துருவேறியிருந்தால் இன்னும் ஒரு படி இறக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் பக்கத்து அலமாரிகளில் அந்தத் துரு பரவத்தான் செய்யும்.

மோசடிக்கு வருகிறேன். அழுக்கு நோட்டைச் சோப்பில் அலசி, இஸ்திரி போட்டு, ‘யுஎன்சி’, அதாவது புழக்கத்துக்கே போகாதது, என்று விற்கிற கைங்கர்யம் இருக்கிறதே! சூட்டில் அழுத்தினால் மேடாக நிற்க வேண்டிய அச்சு தட்டையாகிவிடும். 100 ரூபாயில் காந்தி முகத்தையும் ரிசர்வ் வங்கி முத்திரையையும் அதே படுக்கை ஒளியில் பாருங்கள், மேடு நிழல் விட வேண்டும். நோட்டுத் தாளில் வெண்மையூட்டி சேர்ப்பதில்லை, ஆகவே புறஊதா விளக்கில் தாள் மங்கலாகவே இருக்கும். சலவைத் தூள் பட்டதோ நீல வெள்ளையாக மின்னும். கிழிந்த ஓரத்தை வெட்டிச் சமன் செய்தவரை ஸ்கேல் காட்டிக்கொடுக்கும். 1996இல் தொடங்கிய மகாத்மா காந்தி வரிசையில் 100 ரூபாய் 157க்கு 73 மில்லிமீட்டர், 10 ரூபாய் 137க்கு 63. இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்து, ஒரு ஓரம் மட்டும் புதுசாக வெளுத்திருந்தால் கத்தரி வேலைதான்.

நம் ஊர் நோட்டுக்கு வருவோம். 1954இல் வந்த ஆயிரம் ரூபாயில் பெரிய கோயில் இருக்கிறது. 1978இல் செல்லாது என்று அறிவித்தார்கள். அதை வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்தால் போதுமா? கோயில் விமானத்தின் குறுக்கே மடிப்பு ஓடி மை உதிர்ந்ததா, இல்லை வெற்று ஓரத்தில் போகிறதா என்று பார்க்க வேண்டாமா? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒட்டுப் போட்ட இடத்தில் தாள் தடித்து இருட்டாகத் தெரிகிறதா என்று தேட வேண்டாமா?

அந்த மாதிரி விலையுயர்ந்த நோட்டை முகம் தெரியாதவருக்கு விற்க உறை உதவும், மறுக்கவில்லை. ஆனால் உறைக்குள் போன தாளைத் தொட்டு விறைப்புப் பார்க்க முடியாது. சாதாரண இரண்டு ரூபாய் நோட்டுக்கோ சான்றுக் கட்டணம் நோட்டு விலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நடுவர் அவர்களே, இந்த மேசையில் நோட்டு ஒன்று, கறுப்புத் துணி, டார்ச், ஸ்கேல் வைத்திருக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதில் எத்தனை மடிப்பு என்று முதலில் எண்ணிச் சொல்லட்டும். மணி அடித்துவிட்டது, அமர்கிறேன்.