குளத்துக்காக ஒரு தீர்மானம்

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போகும்போது, சுசீந்திரம் வந்ததும் ஜன்னல் பக்கம் தலை தானாகத் திரும்பும். தாமரை, நீர்க்காகம், அதிர்ஷ்டம் இருந்தால் கூழைக்கடா. அந்தச் சுசீந்திரம் குளமும் தேரூர்க் குளமும் சேர்ந்த நீர்நிலைக்கு 2022-இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலை என்ற அங்கீகாரம், கிடைத்தது. அதே ஆண்டு வேம்பனூர் நீர்நிலைக்கும் கிடைத்தது. அதற்கு முன்பே, 2015-இல், சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூன்றையும் சேர்த்துப் பாதுகாப்பு வட்டாரமாக அரசு அறிவித்துவிட்டது.

அறிவிப்பு வந்தது, பலகையும் வைத்தார்கள். கோழிக்கடைக் கழிவு மூட்டையைப் பலகைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கேட்பதை எழுத்தில் கேளுங்கள்.

கேட்க நமக்கு உரிமை உண்டா? உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி, இந்த மாதிரிப் பாதுகாப்பு வட்டாரத்தை உள்ளூர் மக்களைக் கலந்துகொண்டுதான் அறிவிக்க வேண்டும். அதைக் கவனிக்கும் குழுவில் அந்தப் பகுதி கிராம ஊராட்சி ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் ஊர் சார்பில் யார் உட்கார்கிறார் என்று விசாரித்திருக்கிறீர்களா?

எங்கள் கிராமசபையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. குளக்கரையில் குப்பை கொட்டுவதை நிறுத்தத் தீர்மானம் வேண்டும் என்று எழுந்தேன். பின்னாலிருந்து ஒரு பாட்டா எழுந்தார். "தாழைக்கோழி வயலுல எறங்கி நெல்லை ஒடிச்சுப் போடுது. அதுக்கா வக்காலத்து வாங்குதிய?" என்றார். கூட்டமே கைதட்டியது.

அவர் சொன்னது பொய்யில்லை. தாழைக்கோழி என்ற நீர்ப்பறவை நெல் தண்டைக் கடித்துச் சாய்க்கத்தான் செய்யும்; நட்டம் விவசாயிக்கு. பறவை, பறவை என்று பேசும் நம் ஆட்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஊர் அவர்களை நம்பாததற்கு அதுதான் காரணம் என்பேன்.

நான் விழித்துக்கொண்டு நிற்கையில் ஒரு அக்கா எழுந்தார். "பாட்டா, கோழி திங்குறது நாலு செடி. குப்பை வந்து மடையை அடைச்சா ஒங்களுக்கு வெள்ளாமையே கெடையாதே!" பாட்டா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ மடையையும் சேத்து எழுது" என்றார். முன்மொழிந்தவர் என்று அவர் பெயரையே போட்டோம். எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.

அந்தத் தீர்மான நகலோடு அலுவலகம் அலுவலகமாகப் போனோம். தண்ணீர் ஒரு துறைக்கு, பறவை இன்னொரு துறைக்கு, கரை வேறொருவருக்கு. ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். வெறும் வாயோடு போயிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள். நகல் இருந்ததால் வாங்கிக்கொண்டு ஒப்புதல் முத்திரை போட்டே ஆக வேண்டியதாயிற்று. கும்பப்பூ என்ற இரண்டாம் போக நடவுக்கு முன்னால் மடை தூர் வாரினார்கள். குப்பை முழுக்க நிற்கவில்லை. ராத்திரியில் வண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு அடுத்த தீர்மானம்.

தேரூர், சுசீந்திரம்காரர்கள் கவனிக்க: உங்களுடையது பேரூராட்சி, கிராமசபை கிடையாது. வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுத்து, மன்றக் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். அதுவும் எழுத்தில்தான்.

மனுவுக்குக் கணக்கு இருந்தால் பலம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணுகிறார்கள். பதினைந்து நிமிடம் குளக்கரையில் நின்று, தெரிந்த பறவையை மட்டும் எண்ணினால் போதும். பெயர் தெரியாததை விட்டுவிடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், அவர்கள் கண் நம்மைவிடக் கூர்மை.

மலையைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். 2008-இல் அறிவித்த கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம், சுமார் 400 சதுர கிலோமீட்டர். மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வரும் பழையாறுதான் மணக்குடியில் கடலில் சேர்கிறது. மேலே காடு மெலிந்தால் கீழே மடைக்கு என்ன வரும் என்பதை இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன்.

பொங்கலில் எண்ணிய தாளைப் பத்திரமாக வையுங்கள். ஜனவரி 26 கிராமசபைக்கு எடுத்துப் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு எழுந்து வாருங்கள். வணக்கம்.