பாங்காக்கின் பேய்க் கோபுரமும் டாலர் கடனும்

பாங்காக் போய்வந்தவர்கள் சிலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து ஆற்றுப் பக்கமாக, சபான் தக்சின் ரயில் நிலையம் வரை நடந்தால் ஒரு 49 மாடிக் கட்டடம் கறுத்துப்போய் நிற்கும். சாத்தோர்ன் யுனிக். வளைந்த பால்கனிகள், கிரேக்கத் தூண்கள், சில வீடுகளில் குளியல் தொட்டிகூடப் பதித்தாகிவிட்டது, குடிவரத்தான் ஆள் இல்லை.

ஊர்க்காரர்களைக் கேட்டால் பேய் என்பார்கள். சுடுகாட்டு நிலமாம், நிழல் எதிரே இருக்கும் யன்னாவா புத்தர் கோயில் மேல் விழுகிறதாம். 2014 டிசம்பரில் 43ஆம் மாடியில் ஒரு வெளிநாட்டவரின் உடல் வேறு கிடைத்ததா, கேட்கவே வேண்டாம். எனக்கென்னவோ பேயைவிட வட்டிக் கணக்குதான் பயமாக இருக்கிறது.

1990இல் வேலை தொடங்கியது. கட்டியவர் ரங்சான் தோர்சுவான், கட்டடக் கலைஞரும் அவரே. 1993இல் உச்ச நீதிமன்றத் தலைவரைக் கொல்லச் சதி செய்தார் என்று அவரைக் கைது செய்தார்கள். 2008இல் தண்டனை, 2010இல் மேல்முறையீட்டில் விடுதலை! வழக்கு இழுத்தடித்த காலத்திலும் கட்டடம் தட்டுத்தடுமாறி ஏறிக்கொண்டுதான் இருந்தது.

கவிழ்த்தது வேறு. அப்போது ஒரு டாலருக்கு சுமார் 25 பாத் (தாய்லாந்து நாணயம்) என்று அரசு பிடித்து வைத்திருந்தது. அந்தத் தைரியத்தில் நிதி நிறுவனங்கள் குறைந்த வட்டிக்கு டாலரில் வாங்கி, உள்ளூரில் பாத்தில் கூடுதல் வட்டிக்குக் கொடுத்தன, கட்டுகிறவர்களும் அந்தப் பணத்தில்தான் மாடிமேல் மாடி போட்டார்கள். 1997 ஜூலை 2 அன்று அரசு கையை விட்டது. அடுத்த ஜனவரிக்குள் ஒரு டாலர் 50 பாத்தைத் தாண்டிவிட்டது, சரி, நேற்று வாங்கிய கடன் இன்று இரண்டு மடங்கு என்றால் யார் கட்டுவது? 56 நிதி நிறுவனங்களை ஒரேயடியாக மூடினார்கள். கிட்டத்தட்ட 80 சதவீதம் முடிந்திருந்த வேலை அப்படியே நின்றது. சிமென்ட் உலர்வதற்குள் என்று சொல்லலாம்.

வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச தூரத்தில் தங்கக் குவிமாடத்தோடு நிற்கும் ஸ்டேட் டவரை வரைந்ததும் இதே ரங்சான்தான். அது ஒருவழியாகக் கட்டி முடிந்து, இப்போது அதன் உச்சி மதுக்கூடத்துக்கு உலகமே போய்ப் படம் எடுக்கிறது, கீழே எட்டிப்பார்த்தால் தெரிவது இந்த எலும்புக்கூடு.