அணியத்துல ட்ரோலிங் மோட்டார்: ஸ்க்ரூவா, போல்ட்டா? எந்த கேபிள்?

சரி, அடுத்த கேள்வி. நேயர் ஒருத்தர் கேட்டிருக்காரு: “16 அடி அலுமினிய ஃபிஷிங் போட். அணியத்துல 55 பவுண்டு, 12 வோல்ட் எலக்ட்ரிக் ட்ரோலிங் மோட்டார் மாட்டப் போறேன். டெக்குக்கு அடியில கை நுழையாது. மேல இருந்தே செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ போட்டு முறுக்கிடலாமா? பேட்டரி பின்னால இருக்கு, அங்கிருந்து முன்னால வரைக்கும் எந்த கேபிள் இழுக்கணும்?”

புதுசா கேட்கிறவங்களுக்கு: அணியம்னா படகோட முன் முனை, ட்ரோலிங் மோட்டார்னா மீன் பிடிக்கும்போது படகை மெதுவா நகர்த்துற சின்ன மோட்டார். முதல் பாதிக்கு பதில் சின்னது: ஸ்க்ரூ வேண்டாம். ஏன்னு ஒரு கணக்கு போட்டுடுவோம். 55 பவுண்டு த்ரஸ்ட்னா கிட்டத்தட்ட 25 கிலோ தள்ளு. அந்தத் தள்ளு டெக்குல இல்ல, டெக்குக்குக் கீழ 90 சென்டிமீட்டர் தள்ளி ப்ரொப்பெல்லர்ல இருக்கு. மவுண்ட்டோட, அதாவது மோட்டாரை டெக்குல பிடிச்சு வைக்கிற சட்டத்தோட, இடது வரிசை ஓட்டைக்கும் வலது வரிசை ஓட்டைக்கும் நடுவுல 15 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க. மோட்டாரைப் பக்கவாட்டுல திருப்பி ஃபுல் ஸ்பீடு கொடுத்தா, 25-ஐ 90-ஆல பெருக்கி 15-ஆல வகுங்க, 150 கிலோ வரும். ஒரு பக்க வரிசையை மேல பிடுங்குற விசை அது. கடப்பாரையை நெம்பி ஆணி பிடுங்குற அதே வேலைதான். இதுல தண்ணிக்குள்ள ஒரு கட்டையில மோட்டார் இடிச்சா என்ன ஆகும்னு நான் கணக்கே போடல.

மோட்டாரை மடிச்சு வச்சிருக்கும்போதும் நிம்மதி கிடையாது. பெரிய எஞ்சின்ல வேகமா ஓடும்போது படகுலயே அதிகமா தூக்கித் தூக்கி அடிக்கிற இடம் அணியம்தான். 2 எம்எம் அலுமினியத் தகட்டுல ஸ்க்ரூவோட மரை ஒரு சுத்து, மிஞ்சினா ரெண்டு சுத்துதான் கடிக்கும். அந்த அடியில மரை மெதுவா அரைபட்டு, ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துடும். அதுக்கப்புறம் பெரிய சைஸ் ஸ்க்ரூ போட்டாலும் அதே கதைதான். தகட்டுக்கு அடியில ப்ளைவுட் இருக்கேன்னு சிலர் தைரியமா இருப்பாங்க. ஸ்க்ரூ ஓட்டை வழியா தண்ணி இறங்கினா அந்த ப்ளைவுட் ஊறிப் போய் பிடிமானமே இருக்காது.

அப்போ என்ன போடணும்? 6 எம்எம் ஸ்டெயின்லெஸ் போல்ட், 316 கிரேடு. டெக்கைத் துளைச்சு அந்தப் பக்கம் வரணும். கீழ அகலமான வாஷர், நைலான் லாக் நட். அதுக்கும் மேல முக்கியம் பேக்கிங் ப்ளேட், அதாவது டெக்குக்கு அடியில வைக்கிற தாங்கு தகடு. 5 அல்லது 6 எம்எம் அலுமினியத் தகடு, இல்லேன்னா 12 எம்எம் எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பலகை. மவுண்ட்டோட அடிப்பாகத்தை விட எல்லாப் பக்கமும் 3, 4 சென்டிமீட்டர் பெருசா இருக்கட்டும். வாஷர் மட்டும் போட்டா அந்த 150 கிலோ ரெண்டு மூணு புள்ளியில விழும். ப்ளேட் போட்டா ஒரு கை அகலத்துக்குப் பரவும். ஒண்ணு சொல்லணும், பச்சை நிறத்துல மருந்து ஏத்தின ப்ளைவுட்டை இதுக்குப் பயன்படுத்தாதீங்க. அதுல இருக்கிற தாமிரம் அலுமினியத்தைத் தின்னுடும்.

கை நுழையாதுன்னு சொன்னீங்க இல்லையா, அதுக்கு வழி இருக்கு. நல்ல வழி: டெக்குல, மவுண்ட்டுக்குப் பக்கத்துல, 6 இன்ச் வட்ட இன்ஸ்பெக்‌ஷன் மூடி ஒண்ணு வெட்டி வைக்கிறது. கை போகும், நாளைக்கு நட்டை இறுக்கவும் அதே வழிதான். டெக்கை வெட்ட மனசு வரலேன்னா, நங்கூரப் பெட்டி வழியாவோ லைட் ஓட்டை வழியாவோ ப்ளேட்டை உள்ள விடலாம். ப்ளேட்டை 10 எம்எம் தடிமன்ல எடுத்து, ஓட்டைகள்ல முன்கூட்டியே 6 எம்எம் மரை வெட்டிடுங்க. டெக்கு ஓட்டை ரெண்டு வழியா நூல் விட்டு, அந்த நூலை ப்ளேட்டோட அதே ரெண்டு ஓட்டையில கோர்த்து, அடியில ஒரு முடிச்சு. இப்போ மேல இருந்து நூலை இழுத்தா ப்ளேட் தானா வந்து டெக்குல ஒட்டும். நூல் இல்லாத ஓட்டையில முதல் போல்ட்டை ஏத்துங்க, அது பிடிச்சதும் நூலை அறுத்துட்டு மத்ததை ஏத்துங்க. பொறுமையா செஞ்சா அரை மணி நேர வேலை. ரெண்டும் முடியலேன்னா மட்டும் ரிவ்நட், அதாவது மேல இருந்தே ஓட்டையில விட்டு அமுக்கிப் பிடிக்க வைக்கிற நட். ஆனா ரிவ்நட் பிடிக்கிறதும் அந்த மெல்லிசு தகட்டைத்தான், அதனால அது கடைசிப் பட்சம்.

ட்ரில் கையில எடுக்குறதுக்கு முன்னாடி இடத்தை முடிவு பண்ணுங்க. பாதி தப்பு இங்கதான் நடக்குது. மவுண்ட்டை அணியத்துல வச்சு ரெண்டு கிளாம்ப் போட்டுப் பிடிச்சுக்கோங்க. மோட்டாரை முழுசா இறக்கிப் பாருங்க, முழுசா மடக்கிப் பாருங்க, ஒரு பத்து தடவை. இறக்கும்போது மோட்டார் தலை படகு விளிம்புல உரசாம, ஒரு ஒன்றரை ரெண்டு இன்ச் வெளிய தள்ளி இறங்கணும். மடக்கினப்போ அணிய லைட்டை மறைக்கக் கூடாது, கயிறு கட்டுற க்ளீட்டை மறைக்கக் கூடாது, ட்ரெய்லர்ல ஏத்தும்போது வின்ச் கம்பத்துல இடிக்கக் கூடாது. நடுக்கோட்டுக்கு எவ்வளவு கிட்ட முடியுதோ அவ்வளவு கிட்ட வைங்க. ரொம்ப ஒதுக்கி வச்சா நேராப் போகவே அடிக்கடி திருத்தணும்.

படகு விளிம்பு டெக்கை விட உயரமா இருந்தா, மவுண்ட்டுக்கு அடியில எச்டிபிஇ பலகை வச்சு உயர்த்தணும். டெக்கு லேசா வளைஞ்சிருந்தாலும் அதே பலகையை சீவி மட்டம் பண்ணுங்க. வளைவு மேல வச்சு போல்ட்டை முறுக்கினா மவுண்ட் முறுக்கிக்கும். அப்புறம் மோட்டாரைப் பூட்டுற கொண்டி ஒரு பக்கம் விழும், ஒரு பக்கம் விழாது. நிறைய பேர் மோட்டார்ல குறைன்னு நினைச்சுத் திருப்பிக் கொடுக்கிறது இதனாலதான்.

டெக்குல கார்ப்பெட் இருந்தா நேரா ட்ரில் விடாதீங்க. ட்ரில் பிட் ஒரு நூலைப் பிடிச்சா, ஒரு அடிக்கு உருவிக்கிட்டுப் போயிடும். சூடான சால்டரிங் அயர்னை வச்சு கார்ப்பெட்டுல ஓட்டையைக் கருக்கிட்டு, அப்புறம் ட்ரில். முதல்ல 3 எம்எம் பிட்டால வழி போட்டு, பிறகு 7 எம்எம். ஃபைபர் போட்டா இருந்தா, பிட்டைத் தலைகீழா சுத்த விட்டு மேல இருக்கிற ஜெல்கோட்டை மட்டும் முதல்ல தாண்டுங்க, இல்லேன்னா நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடும். ஃபைபர் டெக்குக்கு நடுவுல மரம் இருந்தா ஓட்டையைப் பெருசா போட்டு, கெட்டியான எபாக்ஸி நிரப்பி, காய்ஞ்சதும் அதுக்கு நடுவுல மறுபடி துளைக்கணும். அப்போ தண்ணி வந்தாலும் மரத்தைத் தொடாது.

அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் நேரா தொட்டு, நடுவுல உப்புத் தண்ணி சேர்ந்தா அலுமினியம் பூத்துப் போயிடும், வெள்ளையா மாவு மாதிரி வரும். அதனால போல்ட்டைச் சுத்தி நைலான் புஷ் (சின்னக் குழல்), வாஷருக்கு அடியில நைலான் வாஷர். மரையில அரிப்பைத் தடுக்குற கெட்டி க்ரீஸ் தடவிக்கோங்க. அந்த க்ரீஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் வேகமா முறுக்கினா ஒட்டிக்கும், அப்புறம் அறுத்துதான் எடுக்கணும். இம்பேக்ட் ட்ரைவரைத் தூர வச்சுட்டுக் கையாலயே முறுக்குங்க. ஓட்டைக்கு சீலண்ட் ப்யூட்டைல் டேப் போதும். நிரந்தரமா ஒட்டுற பாலியூரித்தேன் பசை வேண்டாம். நாளைக்கு மவுண்ட்டைக் கழட்டணும்னா டெக்கும் சேர்ந்து வரும்.

ஷாஃப்ட், அதாவது மவுண்ட்டுல இருந்து தண்ணிக்குள்ள இறங்குற நீளக் குழாய், அதோட நீளம் நீங்க கேட்கல, ஆனாலும் சொல்லிடுறேன். வழக்கமான ஆளும் சாமானும் ஏத்தி, மவுண்ட் உட்காருற இடத்துல இருந்து தண்ணி வரைக்கும் அளங்க. அதோட 20 இன்ச், அலை உள்ள இடம்னா இன்னொரு 5 இன்ச் கூட்டுங்க. 20 இன்ச் உயரம்னா 45, அப்போ 48 இன்ச் ஷாஃப்ட். குறைஞ்சா அலையில ப்ரொப்பெல்லர் காத்தை இழுத்து, சத்தம் மட்டும் போடும், படகு நகராது. த்ரஸ்ட் உங்களுக்கு சரியா இருக்கு. மொத்த எடை 100 பவுண்டுக்கு 2 பவுண்டு த்ரஸ்ட்ங்கிறது குறைஞ்சபட்சக் கணக்கு. ஆள், எஞ்சின், எரிபொருள் எல்லாம் சேர்த்து 600 கிலோன்னா 26, 27 பவுண்டு. 55-ல காத்துக்கும் நீரோட்டத்துக்கும் மிச்சம் இருக்கு.

இப்போ கேபிள். 55 பவுண்டு மோட்டார் ஃபுல் ஸ்பீடுல 50 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். 16 அடிப் படகுல கேபிள் வளைஞ்சு நெளிஞ்சு வர்ற தூரம் 5 மீட்டர்னு வைங்க. போகவும் வரவும் சேர்த்து 10 மீட்டர், இதைத்தான் நிறைய பேர் மறந்துடுறாங்க. 10 ஸ்கொயர் எம்எம் கேபிள் போட்டா வழியிலயே 0.9 வோல்ட் போயிடும். 16-ல கிட்டத்தட்ட 0.6. 25-ல 0.36, அதாவது 3 சதவீதம். லோடுல பேட்டரி முனையிலயே 11.8 தான் இருக்கும், அதுல 0.9 போச்சுன்னா மோட்டாருக்குப் போறது 10.9. வேகம் குறையும், கேபிள் சூடாகும். 16 போட்டா ஓடும், ஆனா முடிஞ்சா 25 போடுங்க. இழைகள்ல வெள்ளீயம் பூசின மரைன் கேபிள் வாங்குங்க. சாதா செம்பு உப்புக் காத்துல உறைக்கு உள்ளயே கறுத்துக்கிட்டுப் போகும், வெளிய ஒண்ணும் தெரியாது. லக்கை (கேபிள் முனையில மாட்டுற உலோக வளையம்) நல்ல க்ரிம்பிங் டூல்ல அழுத்தி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்க.

60 ஆம்பியர் ப்ரேக்கர், கையால ரீசெட் பண்ற வகை. எங்க வைக்கணும்? பேட்டரி பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள. கைக்கு வசதியா இருக்குன்னு அணியத்துல ப்ளக் பக்கத்துல வச்சுடுவாங்க. அப்போ பேட்டரிக்கும் ப்ரேக்கருக்கும் நடுவுல உள்ள 5 மீட்டர் கேபிளுக்குப் பாதுகாப்பே இல்ல. டெக்குக்கு அடியில ஒரு இடத்துல உரசி உறை போச்சுன்னா, பேட்டரி முழு கரண்டையும் அதுல கொட்டும், தீ பிடிக்கும். அலுமினியப் படகு வேற, மோட்டார் நெகட்டிவைப் படகு உடம்போட இணைக்காதீங்க. ரெண்டு வயரும் பேட்டரிக்கே போகணும். தகட்டைத் தாண்டுற ஒவ்வொரு ஓட்டையிலயும் ரப்பர் க்ரோமெட் (ஓட்டை விளிம்பு கேபிளை அறுக்காம காக்குற வளையம்) கட்டாயம். எஞ்சின் ஸ்டார்ட் பண்ற பேட்டரியில இருந்து இதுக்கு எடுக்கவே கூடாது, தனி டீப் சைக்கிள் பேட்டரி, அதாவது ரொம்ப நேரம் கரண்ட் எடுக்கத் தாங்குற வகை. 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட்டுல பாதிதான் நம்பி எடுக்கலாம், அது ஃபுல் ஸ்பீடுல ஒரு மணி நேரம் கூட வராது. மெதுவா 12, 13 ஆம்பியர்ல ஓட்டினா நாலு மணி நேரம் கிடைக்கும். மீன் தேடும் சோனார்ல கோடு கோடா வந்தா, அதையும் வேற சின்ன பேட்டரிக்கு மாத்துங்க. சோனார் வயரை மோட்டார் கேபிளோட ஒரே கட்டா கட்டாதீங்க.

எல்லாம் மாட்டினதும் தண்ணியில இறக்கி, படகைக் கயித்துல கட்டிட்டு ஃபுல் ஸ்பீடு ஒரு நிமிஷம் கொடுங்க. அப்போ மீட்டர்ல பேட்டரி முனையில ஒரு அளவு, அணிய ப்ளக்குல ஒரு அளவு எடுங்க. வித்தியாசம் நம்ம கணக்குக்குப் பக்கத்துல இருக்கணும். ஒரு வோல்ட்டைத் தாண்டினா கேபிள்ல இல்ல, ஏதோ ஒரு இணைப்புலதான் கோளாறு. அப்படியே லக், ப்ரேக்கர், ப்ளக்னு ஒவ்வொண்ணா கை வச்சுப் பாருங்க. இளஞ்சூடு பரவாயில்ல. கை வைக்க முடியாத சூடுன்னா அந்த இணைப்பு லூஸ். ப்ரேக்கர் அடிக்கடி விழுந்தா உடனே பெரிய ஆம்பியர் வாங்காதீங்க. முனை லூஸா இருந்து அந்த சூட்டுல விழுதான்னு பாருங்க. ப்ரொப்பெல்லர்ல பாசி, தூண்டில் நரம்பு சுத்தியிருக்கான்னு கழட்டிப் பாருங்க. நரம்பு ப்ரொப்பெல்லருக்குப் பின்னால அதைச் சுத்த வைக்கிற தண்டுல சுத்தினா ஆயில் சீலை அறுத்துட்டுத் தண்ணி உள்ள போயிடும்.

மோட்டாரை மடக்கி ஓடும்போது அது குதிக்காம இருக்க, ஷாஃப்ட்டை டெக்கோட சேர்த்து ஒரு பெல்ட்டால கட்டுங்க. முதல் நாள் ஓட்டி வந்ததும் அந்த 6 இன்ச் மூடியைத் திறந்து எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிடுங்க. கார்ப்பெட் அமுங்கினதுல கண்டிப்பா கால் சுத்து, அரை சுத்து லூஸாகி இருக்கும். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.