முட்டையிலிருந்து வந்த துணை

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். நான் பல ஆண்டுகள் பாடசாலை நூலகம் ஒன்றைப் பொறுப்பாக நடத்தியவன் என்பதால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்ன வாசிக்கிறார்கள் என்று எவராவது கேட்டால் நேரம் போவது எனக்குத் தெரியாது. தயாரிப்பாளர் தந்திருப்பது எட்டே நிமிடங்கள் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பதின்ம வயதினர் ஆவலோடு படிக்கும் ஒருவகை நாவலைப் பற்றி. கொடிய அமைப்பொன்று நடத்தும் போட்டி, அதில் உயிரைப் பணயம் வைத்து ஓடும் இளையவர்கள், அவர்களோடு கூடவே ஓடும் விலங்குகள் என்பனவே அதன் உள்ளடக்கம்.

பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்துப் புத்தகக் கண்காட்சியில் என் பேத்தி வாங்கிவந்த நூலொன்றே இந்தப் பேச்சுக்குக் காரணம். விக்டோரியா ஸ்கொட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் ‘ஃபயர் அண்ட் ஃப்ளட்’, 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தது. டெல்லா என்னும் பெண்ணின் உடன்பிறந்தவன் தீராத நோயில் படுத்திருக்கிறான். அவனுக்கான மருந்து, காடு, பாலைவனம், கடல், மலை என்ற நான்கையும் கடந்து வெல்பவருக்கே கிடைக்கும். ஓடவரும் ஒவ்வொருவருக்கும் ஒரு முட்டை உண்டு. அதிலிருந்து வெளிவரும் விலங்குக்குப் பண்டோரா என்று பெயர். டெல்லாவின் முட்டையிலிருந்து வருவது ஒரு கறுப்பு நரிக்குட்டி. முட்டையிலிருந்து நரி வருமா என்று நானும் கேட்டேன். பேத்தி பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டேன்.

இந்தக் கதை கொழும்பின் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாகிறது என்பதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை, பிறகு சாதாரண தரம், உயர்தரம், அதன் முடிவில் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியும் மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளியும் என்று வளர்ந்த பிள்ளைக்கு, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும் என்ற கணக்கைக் கதாசிரியர் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் என் அக்கறை ஓட்டத்தில் இல்லை. அந்த நரிக்குட்டியில்தான் இருக்கிறது. சிறுவயதில் அப்பாச்சி எனக்குப் பாரதக் கதையின் கடைசிப் பகுதியைச் சொன்னார். பாண்டவர் ஐவரும் திரௌபதியும் இமயத்தை நோக்கி நடக்கிறார்கள். ஒரு நாயும் பின்னால் வருகிறது. முதலில் திரௌபதி விழுகிறாள், பிறகு சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என்று ஒவ்வொருவராக விழுகிறார்கள். தருமர் திரும்பிப் பாராமல் நடக்கிறார். பின்னர் இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறும்படி சொல்லும்போது, அதே தருமர் ஏற மறுக்கிறார். எனக்கு அது பொறுக்கவில்லை. தம்பிமாருக்காக நில்லாதவர் ஒரு நாய்க்காக நிற்பாரா என்று கேட்டேன். அப்பாச்சி அரிசி புடைத்துக்கொண்டே, “அவையள் தாங்களா நடந்தவையள், மோனை. அது இவரை நம்பியெல்லோ நடந்தது,” என்றார். நாய் பிறகு தருமதேவனாக மாறுவதெல்லாம் அவருக்குப் பெரிய விடயமாகப் படவில்லை; அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டார்.

அந்த விடையை வைத்துக்கொண்டுதான் நான் இந்த நாவல்களைப் படிக்கிறேன். போட்டிக்கு வந்த மனிதருக்குப் பரிசு இன்னதென்று தெரியும். சம்மதித்தோ நெருக்கடியிலோ அவர் வந்திருக்கிறார். விலங்குக்கு அங்கே போட்டி நடப்பதே தெரியாது. அது தன்னைக் கையில் ஏந்தியவரை நம்பி வருகிறது, அவ்வளவுதான்.

இது கற்பனைக்கு மட்டும் உரிய நிலைமை அன்று. நோர்வே நாட்டவரான அமுண்ட்சென் 1911 ஒக்டோபரில் நான்கு தோழர்களையும் 52 நாய்களையும் கூட்டிக்கொண்டு தென்துருவத்துக்குப் புறப்பட்டார். ஆங்கிலேயரான ரொபேர்ட் ஸ்கொட்டும் இன்னொரு வழியால் அதே இடத்துக்குப் போக முனைந்திருந்தபடியால் அதுவும் ஓர் ஓட்டப் போட்டிதான். பனியாற்றின் மேல் ஏறி முடிந்ததும், இனிமேல் தேவைப்படாத 24 நாய்கள், ஏற்கெனவே திட்டமிட்டபடி, சுட்டுக் கொல்லப்பட்டன. அவற்றின் இறைச்சி மற்ற நாய்களுக்கும் மனிதருக்கும் உணவாயிற்று. அந்த வேளையில் கூடாரத்துக்குள் சமைத்துக்கொண்டிருந்த அமுண்ட்சென், துப்பாக்கிச் சத்தம் காதில் விழாதிருக்கும் என்று நம்பி, பிறைமஸ் என்ற மண்ணெண்ணெய் அடுப்புக்கு வழக்கத்திலும் கூடுதலாகக் காற்றடித்தாராம். அதை அவரே எழுதிவைத்திருக்கிறார். பிறைமஸ் அடுப்பை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 இல் எரிவாயு இல்லாமல் வரிசையில் நின்ற நாட்களில், பரணில் கிடந்த எங்கள் வீட்டு அடுப்பையும் இறக்கித் துடைத்தோம். அதற்குக் காற்றடித்தால் எழும் இரைச்சல் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரைச்சலுக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருந்தது அந்த மனிதருக்கு. அவர் டிசம்பர் 14 ஆம் திகதி துருவத்தை அடைந்தார்; தளத்துக்குத் திரும்பியபோது உயிரோடிருந்த நாய்கள் 11. அவர் வென்றார் என்று பாடப்புத்தகம் எழுதும். அந்த அடுப்பைப் பற்றி எழுதாது.

மருந்துக்காக விலங்கோடு ஓடுவதற்கும் உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1925 இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறத்தாழ 20 வண்டியோட்டிகளும் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே எவரும் எவரையும் முந்த ஓடவில்லை.

இனி நாவலுக்கு வருகிறேன். அதில் எனக்குக் குறையும் உண்டு. காதல் வேண்டியதிலும் அதிகமாக இடம்பிடிக்கிறது. பண்டோராக்களுக்குக் கொடுத்திருக்கும் விசேட ஆற்றல்கள் சில இடங்களில் அவற்றை வெறும் கருவிகளாக்கிவிடுகின்றன. அப்படியிருந்தும், எவரை நம்பலாம், எவரை நம்பக்கூடாது என்பதை வாசகர் தெரிந்துகொள்வது அவரவர் தம் விலங்கை நடத்தும் விதத்திலிருந்துதான். மற்றவர்கள் தத்தம் விலங்கின் வலிமையைக் கணக்கிடும்போது, டெல்லா இன்னும் பொரியாத முட்டையைச் சுமந்துகொண்டு நடக்கிறாள். அந்தப் பக்கங்களில் கதாசிரியரின் கை நன்றாக ஓடியிருக்கிறது. பேத்தியும் டெல்லா வெல்வாளா என்று ஒருமுறைகூட என்னிடம் கேட்கவில்லை. நரி செத்துவிடுமா என்று கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்த்தாள்.

இத்தகைய கதை நம் ஊரில் நிகழ்ந்தால் எப்படி இருக்கும் என்று பேசவே பாதி நேரத்தை ஒதுக்கியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் கையைக் காட்டத் தொடங்கிவிட்டார். ஆகவே, எழுதும் ஆசையுள்ள இளைய நேயர்களுக்கு இதை மட்டும் சொல்கிறேன். முட்டையிலிருந்து நரியை வரவழைக்கும் சிரமம் உங்களுக்கு இல்லை. வெள்ளவத்தைக் கால்வாயில் திரியும் நீருடும்பான கபரக்கொய்யாவும் பேரை வாவியின் கூழைக்கடாவும் உண்மையாகவே முட்டையிலிருந்துதான் வருகின்றன. கபரக்கொய்யாவோடு காலி வீதியைக் கடக்கும் ஒரு பிள்ளையை நான் முதல் அத்தியாயத்தில் பார்க்க விரும்புகிறேன். பச்சை விளக்கு எரியும்வரை அது பொறுமையாக நிற்குமா, நில்லாதா என்பதை நீங்கள் எழுதுங்கள். வணக்கம்.