நின்றுபோன ஒரு கை

வணக்கம். 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எப்போது பேசினாலும், போதைப்பொருள் காய்ச்சுகிறவருக்கு என்ன பாராட்டு என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். நியாயமான கேள்விதான், அதையே எடுத்துக்கொள்கிறேன்.

வால்டர் வைட் அல்புகர்க்கி நகரில் வேதியியல் ஆசிரியர். 50 வயதில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிகிறது, குடும்பத்துக்குப் பணம் சேர்த்து வைக்க மெத் என்ற போதைப்பொருளின் தயாரிப்பில் இறங்குகிறார். சரி, இரக்கம் வருகிறது. ஆனால் முதல் சீசனிலேயே பழைய கூட்டாளிகள் நல்ல வேலையும் சிகிச்சைக்கு வழியும் தர முன்வருகிறார்கள், அவர் மறுக்கிறார். தன்மானம் என்று நாமும் தலையாட்டுகிறோம். குடும்பத்துக்காக என்ற சாக்கு அங்கேயே செத்துவிட்டது, அது தெரியாமல் 62 எபிசோடுகளிலும் நாம்தான் அதைத் தூக்கிச் சுமக்கிறோம்.

இரண்டாம் சீசனில் ஜேன் சாகும் காட்சி. இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும், இதை விட்டுவிட்டு என்னால் பேச முடியாது. வால்டரின் பழைய மாணவனும் மெத் தயாரிப்பில் கூட்டாளியுமான ஜெஸ்ஸியும், அவன் காதலி ஜேனும் ஹெராயின் மயக்கத்தில் கிடக்கிறார்கள். ஜெஸ்ஸியை எழுப்ப வால்டர் உலுக்கும்போது பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்த ஜேன் மல்லாந்துவிடுகிறாள், வாந்தி மூச்சை அடைக்கிறது. வால்டர் அவளிடம் ஓடுகிறார், திருப்பிப் போட நீண்ட கை சட்டென்று நிற்கிறது. அவள் அவரை மிரட்டிப் பணம் வாங்கியவள், இருந்தால் ஆபத்து. ஒரு வசனம் கூட இல்லாமல் அந்தக் கணக்கு முழுவதும் வால்டராக நடிக்கும் பிரையன் கிரான்ஸ்டன் முகத்தில் ஓடுகிறது, அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். அந்த அழுகை பொய்யில்லை, அதனால்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கல் நெஞ்சுக்காரன் என்று ஒதுக்கியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வால்டரின் மனைவி ஸ்கைலரைத் திட்டிய ரசிகர்கள் ஏராளம். அந்தப் பாத்திரத்தில் நடித்த அன்னா கன் 2013இல் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றிக் கட்டுரையே எழுத வேண்டிவந்தது. பொய் சொல்பவர் வால்டர், கேள்வி கேட்பவள் ஸ்கைலர், நம் கோபமோ இவள் மேல்! எனக்கும் அந்தக் கோபம் வந்தது, இரண்டாம் முறை பார்த்தபோது வெட்கமாக இருந்தது. இப்படி நம்மையே திரும்பிப் பார்க்க வைக்கிறதே, நான் பாராட்டுவது அதைத்தான்.

கடைசி எபிசோடில், குடும்பத்துக்காகச் செய்தேன் என்று அவர் சொல்வதை இன்னொரு முறை கேட்க ஸ்கைலருக்குத் தெம்பில்லை. அப்போதுதான் அவர், எனக்காகத்தான் செய்தேன், பிடித்திருந்தது என்கிறார். அதற்குப் பிறகுதான் தூங்கும் மகளைப் பார்க்க ஸ்கைலர் அவரை விடுகிறாள்.