ஜெனீவாவிலிருந்து வந்த தந்தி

(காட்சி: ஜெனீவா, 1942 ஆகஸ்ட்)

1942 ஆகஸ்ட் 8 அன்று, உலக யூதக் காங்கிரசின் பிரதிநிதியான கெர்ஹார்ட் ரீக்னர், ஜெனீவாவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு ஒரு செய்தியுடன் வந்தார். ஜெர்மனியின் பிடியிலிருந்த நாடுகளின் யூதர்கள் 35 முதல் 40 லட்சம் பேரைக் கிழக்கே கொண்டுபோய் ஒட்டுமொத்தமாகக் கொன்றுவிடும் திட்டம் ஹிட்லரின் தலைமையகத்தில் ஆராயப்படுகிறது என்றும், இதைத் தந்தி மூலம் நியூயார்க்கிலுள்ள யூத மதகுருவும் தலைவருமான ராபி ஸ்டீபன் வைஸிடம் சேர்க்க வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். வாஷிங்டனில் வெளியுறவுத் துறை அதை நம்ப மறுத்தது; வைஸிடம் கொடுக்கவும் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சிட்னி சில்வர்மன் வழியாக அதே செய்தி ஆகஸ்ட் இறுதியில் வைஸை எட்டியது. உறுதிப்படும்வரை பொறுத்திருக்குமாறு வெளியுறவுத் துணைச் செயலர் சம்னர் வெல்ஸ் கேட்டுக்கொண்டதால், நவம்பர் 24 வரை வைஸ் பகிரங்கமாகப் பேசவில்லை.

யூதர்களுக்கு நேர்ந்தது பற்றி அமெரிக்காவுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்வது பொருந்தாது. 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூத வழிபாட்டிடங்கள் எரிந்தபோது அமெரிக்க நாளிதழ்கள் அதை முதல் பக்கத்தில் வெளியிட்டன; அதிபர் ரூஸ்வெல்ட் அங்கிருந்த தம் தூதரைத் திரும்ப அழைத்தார். ஆனால் குடியேற்ற வரம்பு தளரவில்லை. 20,000 குழந்தைகளை அந்த வரம்புக்கு வெளியே அனுமதிக்கக் கோரிய 1939ஆம் ஆண்டு மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது.

(காட்சி: கோப்புகள் அடுக்கிய மேசை)

தந்தியின் கதை அங்கே முடியவில்லை. 1943 பிப்ரவரியில், இத்தகைய தனியார் செய்திகளை இனி அனுப்ப வேண்டாம் என்று வெளியுறவுத் துறை சுவிட்சர்லாந்திலிருந்த தன் தூதரகத்துக்கு எழுதியது. அலட்சியம் என்ற சொல் இதற்குப் போதாது. தகவல் வரும் வழியையே அடைத்த செயல் இது. ருமேனிய, பிரெஞ்சு யூதர்களை மீட்கப் பணம் அனுப்பும் அனுமதி ஏன் இழுபடுகிறது என்று துருவிய கருவூலத் துறையின் இளம் வழக்கறிஞர்கள் அந்த ஆணையைக் கண்டெடுத்தனர். யூதர்களின் படுகொலைக்கு இந்த அரசு உடன்பட்டிருக்கிறது என்பதைத் தலைப்பிலேயே சொன்ன அறிக்கையை அவர்களில் ஒருவரான ஜோசையா டுபாய்ஸ் எழுதினார். கருவூலச் செயலர் மார்கெந்தாவ், தலைப்பைச் சற்று மென்மையாக்கி, 1944 ஜனவரி 16 அன்று அதை ரூஸ்வெல்ட்டிடம் கொண்டுசென்றார். ஆறே நாளில், யூதர்களை மீட்பதற்கான போர் அகதிகள் வாரியம் பிறந்தது. தந்தி வந்து பதினேழு மாதங்கள் ஆகியிருந்தன.

ஸ்வீடன் தூதரக அதிகாரி ராவுல் வாலன்பர்க் ஹங்கேரியின் புடாபெஸ்டில் செய்த மீட்புப் பணிக்கு இவ்வாரியம் துணைநின்றது. அமெரிக்க மண்ணுக்குள் அது கொண்டுவந்த அகதிகளோ 982 பேர்தான். 1944 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் ஒஸ்வீகோ நகரிலுள்ள பழைய ராணுவ முகாமில், முள்வேலிக்குள் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். போர் முடிந்ததும் ஐரோப்பாவுக்குத் திரும்பிவிடுவோம் என்று கப்பல் ஏறும் முன்பே அவர்கள் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தத் தாளின் பிடி 1945 டிசம்பரில் அடுத்த அதிபர் ட்ரூமன் அவர்களைத் தங்க அனுமதித்தபோதுதான் விலகியது.